இசைக் கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்யலாமா? நாற்பது வருடக் கேள்வி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே கம்ப்யூட்டர் திரையில் அந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரண்ட் பில் கட்டவும், வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு பேசவும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு சின்னத் தொல்லை, அவ்வளவுதான். கடைப் பையனைக் கூப்பிட்டு "ஏதாவது செய்துவிட்டுப் போப்பா" என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரில் பாட்டு ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு அப்படி இல்லை. அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து அவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

இயங்குதளத்தை, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, மாற்றலாமா வேண்டாமா என்பது இசைக்காரர்கள் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. கம்ப்யூட்டர் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இசைக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை? காரணம் காலப்பிரமாணம். ஒரு கடிதத்தை டைப் செய்யும்போது எழுத்து திரையில் வர அரை வினாடி தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒலியில் அது நடக்காது. சிடி தரத்தில் ஒலியைப் பதிவு செய்தால் ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் உள்ளே போக வேண்டும். பாடுகிறவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார். கம்ப்யூட்டர் அந்த மாதிரிகளை 256, 256 ஆகக் கட்டி வாங்கிக்கொண்டால் ஒரு கட்டுக்கு சுமார் 5.8 மில்லி வினாடி ஆகிறது. மிருதங்கக்காரர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அவருடைய ஒலி நம் காதுக்கு வர ஆகும் நேரம்தான் அது. உள்ளே போவதற்கு ஒரு கட்டு, வெளியே வருவதற்கு ஒரு கட்டு என்று கூட்டினாலும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டர் வேறு ஏதோ வேலையில் கவனம் சிதறி ஒரே ஒரு கட்டைத் தவறவிட்டால்கூட 'டிக்' என்று சத்தம் கேட்கும். பதிவு வீண்.

ஆக, ஒலியை வாங்கித் தரும் பெட்டி, அந்தப் பெட்டியோடு பேசும் டிரைவர் என்ற சின்ன மென்பொருள், பதிவு செய்யும் பெரிய மென்பொருள், அதற்குள் மாட்டிக்கொள்ளும் பிளக்-இன்கள், இவை காசு கொடுத்து வாங்கியவைதானா என்று பார்க்கும் பூட்டு, இத்தனையும் ஒரே சங்கிலி. ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு கம்பெனி செய்கிறது. எல்லாமே இயங்குதளம் என்ற ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணியை மாற்றினால் எந்தக் கண்ணி விழும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

ஆரம்ப காலத்தில் இந்தக் கவலை இல்லை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் ஸீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் ப்ராஃபெட்-600 என்ற கீபோர்டையும், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த ஜூபிடர்-6 என்ற கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பேசியது. அதுதான் மிடி. டேவ் ஸ்மித், இக்குத்தாரோ காக்கேஹாஷி இருவருக்கும் இதற்காக முப்பது வருடம் கழித்து, 2013-ல், டெக்னிகல் கிராமி விருது கொடுத்தார்கள். மிடி ஒலியைக் கொண்டுபோவதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அமுக்கினார்கள் என்ற செய்தியை மட்டுமே கொண்டுபோகிறது. வேகம் வினாடிக்கு 31,250 பிட். இன்றைய கணக்கில் நத்தை வேகம். ஆனால் அந்த வேலைக்கு அது போதும், இன்றைக்கும் போதும்.

நம் ஊரில் 'கம்ப்யூட்டர் இசை' என்ற சொல் பரவலாகக் காதில் விழுந்தது 1986-ல், இளையராஜா இசையில் 'புன்னகை மன்னன்' வந்தபோது. அந்தப் படத்தோடு சேர்த்துப் பேசப்படும் யமஹா சிஎக்ஸ்5எம் ஒரு கம்ப்யூட்டரேதான். ஆனால் அதன் இசை மென்பொருள்கள் கார்ட்ரிட்ஜ் என்ற சின்னப் பெட்டிகளில் வந்தன. வீடியோ கேம் மாதிரி செருகிக்கொள்ள வேண்டியதுதான். அதில் அப்கிரேட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஐரோப்பாவில் அந்தக் காலத்து இசைக்காரர்களின் செல்லப்பிள்ளை அட்டாரி எஸ்டி. 1985-ல் வந்தது. மிடி கம்பியைச் செருக இரண்டு துளைகளை முதுகிலேயே வைத்துக் கொடுத்தார்கள். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அதற்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. 1986-ல் வந்த 1040 மாடலில் ஒரு மெகாபைட் நினைவகம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து ஸ்டைன்பெர்க் கம்பெனி 1989-ல் இதற்காகக் கொண்டுவந்ததுதான் க்யூபேஸ். இடமிருந்து வலமாகப் பாட்டு ஓட, வாத்தியங்கள் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும் அந்தத் திரை அமைப்பைத்தான் இன்றைக்கு எல்லா இசை மென்பொருளும் வைத்திருக்கின்றன.

அட்டாரியின் இயங்குதளத்துக்கு டாஸ் என்று பெயர். நாம் ஆபீசில் பார்த்த டாஸ் அல்ல, பெயர்தான் ஒன்று. மிக ஆரம்பத்தில் வந்த சில மெஷின்களைத் தவிர மற்றவற்றில் அது சிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் தயார். இயங்குதளத்தை மாற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூடிரைவரால் பெட்டியைத் திறந்து, சிப்பைப் பிடுங்கி, புதிய சிப்பை அழுத்த வேண்டும். யார் செய்வார்கள்? அதனால் யாரும் பெரும்பாலும் செய்யவில்லை. இன்று எப்படி வேலை செய்ததோ நாளையும் அப்படியே வேலை செய்தது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் வாசிக்கும் இங்கிலாந்துக்காரர் நார்மன் குக் 1998-ல் உலகமெங்கும் விற்ற தன் ஆல்பத்தை அட்டாரி எஸ்டியில்தான் செய்தார். அதற்குள் அந்த மெஷின் தயாரிப்பு நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது, கம்பெனியே கைமாறியிருந்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கம்பெனி செத்தாலும் மெஷின் வாசிக்கும்.

அட்டாரியில் ஒரு குறை. அது வாத்தியங்களுக்கு உத்தரவு கொடுக்கும், குரலைப் பதிவு செய்யாது. குரலையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் நம் கேள்வியும் பிறந்தது. கலிஃபோர்னியாவின் ஆப்கோட் கம்பெனி 1990-ல் மேக் கம்ப்யூட்டருக்காக ஸ்டூடியோ விஷன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. மிடியும் குரலும் ஒரே திரையில் வந்தது அதில்தான் முதல் முறை. அதே ஆப்கோட் செய்த ஓஎம்எஸ் என்ற இன்னொரு சின்ன மென்பொருள், ஸ்டூடியோவில் எந்தக் கீபோர்டு எந்தக் கம்பியில் இருக்கிறது என்று மேக்குக்குச் சொல்லித் தரும். போட்டிக் கம்பெனிகளின் மென்பொருள்கள்கூட அதை நம்பித்தான் ஓடின. 1998-ல் கிப்ஸன் என்ற கிடார் கம்பெனி ஆப்கோட்டை வாங்கியது. அடுத்த வருடமே மென்பொருள் வேலை நின்றுபோனது. ஏன் வாங்கினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று இசைக்காரர்கள் இன்றைக்கும் கோபப்படுகிறார்கள்.

இந்த நிலையில்தான் 2001 மார்ச் 24-ஆம் தேதி ஆப்பிள் தன் பழைய இயங்குதளமான மேக் ஓஎஸ் 9-க்குப் பதிலாக ஓஎஸ் டென் என்ற முற்றிலும் புதிய ஒன்றை வெளியிட்டது. அது அப்கிரேட் அல்ல, வீட்டை இடித்துவிட்டு அதே முகவரியில் வேறு வீடு கட்டியது. பழைய வீடு நிஜமாகவே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. ஒரு மென்பொருள் தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டரே உறைந்துவிடும். ஆனால் இசைக்காரர்களுக்கு அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. எதை அணைத்து வைத்தால் எது ஓடும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். புது வீட்டில் பழைய டிரைவர் ஒன்றுகூட வேலை செய்யாது. ஓஎம்எஸ் அங்கே வரவே வராது, ஏனென்றால் அதை எழுதித் தர ஆளே இல்லை.

ஆப்பிள் இதை அறியாமல் செய்யவில்லை. புது இயங்குதளத்துக்கு உள்ளேயே ஒலிக்கும் மிடிக்கும் முறையான ஏற்பாட்டைக் கட்டியிருந்தார்கள். கோர் ஆடியோ, கோர் மிடி என்று பெயர். இனிமேல் யாரோ ஒரு மூன்றாவது கம்பெனியின் தயவை எதிர்பார்க்க வேண்டாம். என் அபிப்பிராயத்தில் இசைக்காக எந்த இயங்குதளக் கம்பெனியும் செய்த மிக நல்ல காரியம் அது. ஆனால் அதன் பலன் கைக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. பெரிய ஸ்டூடியோக்களின் உயிர்நாடியான ப்ரோ டூல்ஸ் மென்பொருள் ஓஎஸ் டென்னுக்கு வந்தது 2003 ஜனவரியில், ஆறாவது பதிப்பில். அதுவரை என்ன செய்வது? ஒன்பதிலேயே இருந்தார்கள்.

2002 மே மாதம் ஸான் ஹோஸே நகரத்தில் மென்பொருள் எழுதுகிறவர்களின் மாநாடு நடந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடைக்கு ஒரு சவப்பெட்டியை வரவழைத்து, அதற்குள் மேக் ஓஎஸ் 9 பெட்டியை வைத்து, இரங்கல் உரை வாசித்தார். பின்னணியில் ஆர்கன் இசை. சபையில் ஒரே சிரிப்பு. அந்த நேரத்தில் உலகத்தின் பல ஸ்டூடியோக்களில் பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது அந்தப் 'பிணத்தில்'தான் என்பதை நினைத்தால் எனக்கு அது நல்ல ரசனையாகப் படவில்லை. 2003 முதல் வரும் புது மெஷின்கள் ஒன்பதில் தொடங்காது என்று ஆப்பிள் அறிவித்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் விடவில்லை. அடுத்த தலைமுறை ஜி5 மெஷினை அறிவித்த 2003 ஜூனில், ஒன்பதில் ஓடக்கூடிய பவர் மேக் ஜி4 மாடல் ஒன்றை ஆப்பிளே மறுபடி விற்பனைக்கு வைத்தது. சவப்பெட்டியில் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு! இசைக்காரர்களும் அச்சுத் தொழிலில் இருந்தவர்களும் அந்த மெஷினை வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள்.

விண்டோஸ் பக்கம் இருந்தவர்களுக்கு வேறு விதமான அடி. ஹாம்பர்க் பக்கத்திலேயே இமாஜிக் என்ற இன்னொரு கம்பெனி லாஜிக் என்ற மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும். 2002 ஜூலையில் இமாஜிக்கை ஆப்பிள் வாங்கியது. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்படும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். மூன்று மாத அவகாசம். விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்களுக்கு 5.5 என்ற பதிப்போடு கதவு மூடியது. கம்ப்யூட்டரை மாற்று, அல்லது மென்பொருளை மாற்று, அல்லது இருக்கும் விண்டோஸைத் தொடாமல் வைத்துக்கொள். பலர் மூன்றாவதைச் செய்தார்கள். வருடக்கணக்கில் செய்தார்கள். வேலை தெரிந்தவன் அப்கிரேட் செய்யாமல் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இசைக்காரர்களிடம் ஏறக்குறைய அட்டாரி அளவுக்குப் பேர் வாங்கியது. அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 2004-ல் பாதுகாப்புக்காக என்று சர்வீஸ் பேக் 2 வந்தது. அதைப் போட்டவுடன், ஃபயர்வயர் 800 என்ற வேகமான இணைப்பு எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு, நூறுக்கு, இறங்கிவிட்டது. பாதுகாப்புக்காகப் போட்ட கதவு ஒலியின் குறுக்கே நின்றது. பிறகு ஒட்டு போட்டுச் சரிசெய்தார்கள். 2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது விண்டோஸின் ஒலி அமைப்பையே அடியோடு மாற்றி எழுதினார்கள். டிரைவர்களும் புதிதாக எழுதப்பட வேண்டியதாயிற்று. ஒலிப்பெட்டிக் கம்பெனிகளில் சில எழுதித் தந்தன, சில பழைய பெட்டிகளுக்கு எழுத மாட்டோம் என்றன. விஸ்டாவைத் தாண்டி நேரே 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்குப் போனவர்கள் புத்திசாலிகள். எக்ஸ்பியிலேயே 2014 ஏப்ரல் 8 வரை, அதாவது மைக்ரோசாஃப்ட் கடையைச் சாத்தும் வரை இருந்தவர்களும் உண்டு.

மாற வேண்டிய நியாயமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பழைய 32-பிட் இயங்குதளத்தில் நினைவகம் 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்களையும் புல்லாங்குழல்களையும் ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் வைத்து வாசிக்கும் முறை வந்தபோது அந்த இடம் போதவில்லை. முப்பது பேர் படுக்க வேண்டிய கல்யாண மண்டபத்துக்குப் பதில் திண்ணையைக் கொடுத்தால் எப்படி? 64-பிட்டுக்குப் போனவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆப்பிள் பக்கம் இன்னும் மூன்று முறை வீடு மாறினார்கள். 2006-ல் பவர்பிசி சிப்பிலிருந்து இன்டெல் சிப்புக்கு. பழைய மென்பொருளைப் புது சிப்பில் ஓட்ட ரோஸெட்டா என்ற மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தார்கள். 2011 ஜூலையில் வந்த லயன் பதிப்பில் அந்த மொழிபெயர்ப்பாளரை நீக்கிவிட்டார்கள். 2019 அக்டோபரில் வந்த கேட்டலினாவில் 32-பிட் மென்பொருள் எதுவுமே ஓடாது என்றார்கள். ஒரே ராத்திரியில் எத்தனையோ பிளக்-இன்கள் செத்துப்போயின. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் ஒற்றை ஆளாக வேலை செய்து, பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த சிப். மறுபடி ஒரு ரோஸெட்டா.

இதற்கிடையில் ஒரு சின்னச் சம்பவம் எனக்குப் பிடிக்கும். 2015 செப்டம்பர் 30-ஆம் தேதி எல் காப்பிடான் என்ற பதிப்பு வந்தது. போட்டவர்களுக்கு ஆடியோ யூனிட் வகைப் பிளக்-இன்கள் பல வேலை செய்யவில்லை. அக்டோபர் 21-ஆம் தேதி திருத்தம் வந்தது. மூன்றே வாரம். அந்த மூன்று வாரம் பொறுத்தவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. முதல் நாளே போட்டவர்கள் ஒப்புக்கொண்ட வேலையை வைத்துக்கொண்டு விழித்தார்கள். கச்சேரி நாளன்று காலையில் மிருதங்கத்துக்குப் புது மூட்டு போடும் வித்துவான் உண்டா? இப்போதெல்லாம் ஆப்பிளின் புதுப் பதிப்பு வருடா வருடம் வருகிறது. கூடவே இசை மென்பொருள் கம்பெனிகளிடமிருந்து "நாங்கள் சோதித்து முடிக்கும் வரை மாற்றாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் தீபாவளி மலர் மாதிரி தவறாமல் வருகிறது.

பழைய நாளில் இந்த முடிவு நம் கையில் இருந்தது. இயங்குதளம் சிடியில் வந்தது. அலமாரியில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 அதை மாற்றியது. முதல் வருடம் இலவசம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் கம்ப்யூட்டரிலும் வந்து உட்கார்ந்துகொண்டது என்று 2016-ல் உலகமெங்கும் புகார் கிளம்பியது. வீட்டுப் பதிப்பில் அப்டேட்டைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், ஒரேயடியாக மறுக்க முடியாது. ராத்திரி பதிவை முடித்துவிட்டுப் படுத்தால் காலையில் ஒலிப்பெட்டி பேசாது. அதனால்தான் பதிவுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கம்பியையே கொடுக்காமல் வைத்திருக்கும் பழக்கம் வந்தது. அது நல்ல பழக்கம் என்றுதான் நினைக்கிறேன். ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தை இன்டர்நெட்டில் வைத்துக்கொண்டு அதிலேயே பேங்க் வேலையும் பார்ப்பது மட்டும் கூடாது.

இத்தனைக்கும் நடுவில் நிஜமாகவே என்ன பறிபோகிறது என்று கேட்டால், கம்ப்யூட்டர் அல்ல, பெட்டி அல்ல. அவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம். பறிபோவது பழைய பாட்டு.

வெளியே வந்துவிட்ட பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. சிடியில் இருக்கும், யூட்யூபில் இருக்கும். நான் சொல்வது ப்ராஜெக்ட் ஃபைலை. குரல் தனியாக, வயலின் தனியாக, தாளம் தனியாக அடுக்கி வைத்து, வேண்டியபோது பிரித்து மறுபடி சேர்க்கக்கூடிய மூலம். அந்த ஃபைலுக்குள் பாட்டு முழுவதும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் சாமான் லிஸ்ட் மாதிரி. இந்தக் குரல் இந்த அறையில் இருக்கிறது, அதற்கு இந்தக் கம்பெனியின் எதிரொலி இத்தனை பங்கு, தம்புரா இந்தப் பிளக்-இன், புல்லாங்குழல் இந்த மிடி வரிசையை இந்த மென்பொருள் வாசித்தது என்று எழுதியிருக்கும். கடை மூடிவிட்டால் லிஸ்ட் மட்டும் கையில் இருக்கும். ஆப்கோட்டின் ஸ்டூடியோ விஷனில் செய்த பாட்டுகளின் கதி அதுதான். பழைய மேக் ஒன்றை உயிரோடு வைத்திருந்தால் ஒழிய அந்த ஃபைல் திறக்காது.

பூட்டு விஷயம் இன்னும் மோசம். க்யூபேஸ் முதலிய ஸ்டைன்பெர்க் மென்பொருள்கள் பல வருடம் ஒரு யுஎஸ்பி சாவியோடுதான் விற்கப்பட்டன. 2022-ல் க்யூபேஸ் 12 வந்தபோது சாவி தேவையில்லை என்றார்கள். பழைய சாவிகளைப் பராமரித்த சேவையையும் 2025 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். கையில் சாவியும் ஓடுகிற கம்ப்யூட்டரும் இருக்கும் வரை பழைய மென்பொருள் ஓடும். சாவி உடைந்தாலோ தொலைந்தாலோ போய்க் கேட்க இடமில்லை.

கிராமி விருது தரும் அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமியில் ஒலிப்பதிவாளர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. பாட்டை ஒப்படைக்கும்போது எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் சாரம் எளிமையானது. எந்த மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைலையும் மட்டும் நம்பாதே. ஒவ்வொரு வாத்தியத்தையும், ஒவ்வொரு குரலையும், பாட்டின் முதல் நொடியிலிருந்து ஒரே நீளத்தில், சாதாரண வேவ் ஃபைலாகத் தனித்தனியே எடுத்து வை. அப்படி எடுத்து வைத்தால் நாளைக்கு எந்த மென்பொருளிலும், எந்த இயங்குதளத்திலும், எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்து மறுபடி ஓட்டலாம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி மாடி அறையில் சின்ன ரெக்கார்டிங் வைத்திருக்கிறார். பெரும்பாலும் தேவாரம், திருப்புகழ், கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போடும் ஆல்பங்கள். பதினைந்து வருடமாகச் செய்கிறார். போன வருடம் அவருக்கும் இந்த விண்டோஸ் விவகாரம் வந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். அவருடைய மெஷின் நாலாம் தலைமுறை. "ஐயா, இதை அப்படியே விட்டுவிடவா, புதிதாக ஒன்று வாங்கிவிடவா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்லாமல், பழைய பாட்டுகளில் ஏதாவது ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன்.

பத்து வருடம் முன்பு ஒரு ஓதுவார் பாடியதைத் திறந்தார். நாலைந்து பிளக்-இன்களைக் காணோம் என்று திரை சொன்னது. மீதியோடு ஓடியது. ஆல்பத்தில் வராத பகுதிகளெல்லாம் அதில் இருந்தன. பாடத் தொடங்குமுன் ஓதுவார் தொண்டையைச் செருமுவது, "சுருதி இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கோ தம்பி" என்பது, ஒரு பதிகத்தை முதலில் வேறு பண்ணில் எடுத்துவிட்டு நிறுத்துவது. ஓதுவார் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவருடைய குரல் தனியாக, எதிரொலியோ தாளமோ இல்லாமல் இருப்பது உலகத்தில் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான்.

அதற்குப் பிறகு முடிவு செய்வது கஷ்டமாக இல்லை. பழைய மெஷினின் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினோம். விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறதுதான். அதற்குக்கூட இந்த மெஷினை வெளியுலகத்தோடு சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. மெயில், பாட்டு அனுப்புவது எல்லாவற்றுக்கும் மகளுடைய லேப்டாப். புது மெஷின் வாங்குவதைத் தள்ளிப் போட்டாயிற்று. முதலில் பழைய பாட்டு ஒவ்வொன்றையும் திறந்து, பிளக்-இன் இருந்தால் அதோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, ஒவ்வொரு குரலையும் வேவ் ஃபைலாக எடுத்து இரண்டு டிஸ்க்கில் வைப்பது. பாடியவர் பெயர், பண், தேதி, சுருதி என்ன கட்டை என்று ஒரு நோட்டில் பேனாவால் எழுதுவது. நோட்டு யோசனை என்னுடையது. ஃபைல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க அவருக்கே சில இடங்களில் முடியவில்லை.

ஒரு பாட்டுக்கு அரை மணி, சிலதுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. வருமானமில்லாத வேலை. வீட்டில் முணுமுணுப்பும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட டாஹோ பதிப்பில் ஃபயர்வயர் இணைப்பை ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள், இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கும் அதுதான் கடைசிப் பதிப்பு என்று நான் செய்தி படித்துச் சொன்னபோது, "நாம் மட்டும் இல்லை போலிருக்கே ஐயா" என்று கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டார்.

முந்நூற்றுச் சொச்சம் பாட்டுகளில் இதுவரை 140 முடிந்திருக்கிறது. பாடியவர்கள் இப்போது இல்லாத பாட்டுகளை முதலில் எடுத்துக்கொண்டோம். அவை முடிந்துவிட்டன. மீதியையும் பொங்கலுக்குள் முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.